சொல்லித் தராத பாதி

தங்கா பத்து, மலாக்கா
9 பிப்ரவரி 2025

அன்புள்ள குமாரி அக்காவுக்கு,

தங்கை நிர்மலா எழுதுவது. நானும் புனிதாவும் நலம். பூனைக்குத்தான் வயிறு சரியில்லை, அதற்கு மகள் செய்கிற வைத்தியத்தைப் பார்த்தால் என் பிரசவத்துக்குக்கூட இவ்வளவு யாரும் ஓடியதில்லை. கோலாலம்பூர் மாநாடு எப்படிப் போகிறது? மற்ற ஊர் மருத்துவமனைக்காரர்களிடம் நம் ஆன்மிகத் துணைப் பிரிவைப் பற்றி நன்றாகப் பெருமையடித்துவிட்டு வாருங்கள். சாமான் போடுகிற அறையாகக் கிடந்த இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, இன்றைக்கு எல்லா வார்டுக்கும் ஆள் அனுப்புகிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இந்த மாதக் கூட்டத்தில் பிரிவை நிரந்தரமாக்கிவிட்டால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருக்கிறேன்.

வாரக் கடிதத்துக்கு வருகிறேன். எல்லாரும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டுகிற காலத்தில், நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தால் கையால் கடிதம் எழுத வேண்டும் என்று சட்டம் போட்ட ஒரே தலைவி நீங்கள்தான். மற்ற தொண்டர்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்களாம். எனக்கு ஆரம்பித்தால் கை நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உம்பாயிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரையினால் கால் விரலை எடுத்துவிட்டார்கள். "தேவாரம் பாடவாம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாலா. எம்மவனுக்குப் போன் போட்டு நல்லா நாலு கேளு, அதான் எனக்குப் பூசை" என்றார். கேட்டேன். மறுநாளே மகன் வந்துவிட்டான். இது ஆன்மிகத் துணையில் சேருமா சேராதா, நீங்களே சொல்லுங்கள்.

மேல்மாடியில் ஒரு குடும்பத்தில் பெரியவர் தவறிவிட்டார். கூடவே இருந்தேன். கிளம்பும்போது, பயிற்சியில் சொன்னபடி, "போய்ட்டு வரேன்" என்று சொல்லாமல் கையை மட்டும் பிடித்துவிட்டு வந்தேன். நீங்கள் அதைச் சொல்லிக் கொடுத்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்திலும் அதே வழக்கம்தானே அக்கா. துக்க வீட்டில் வருகிறவரை "வாங்க" என்று சொல்ல மாட்டோம், போகிறவரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார். இதிலாவது உங்கள் யாழ்ப்பாணமும் எங்கள் தோட்டத்து லயன் வீடும் ஒன்று.

கடைசியாக நல்ல செய்தி. இருதய அறுவை முடிந்து நன்றாகத் தேறிவருகிறாரே, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கனகலிங்கம் ஐயா, அவரைப் பார்த்தேன். உங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களை எங்களிடம் விடாமல் நீங்களேதான் பார்ப்பீர்கள். நீங்கள் ஊரில் இல்லையே, அவர் தனியாகக் கிடந்தாரே என்று போனேன். ஏதாவது பாடச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த பாட்டைப் பாடினேன். என் வீட்டுக்காரர் போன அன்று நீங்கள் பாடினீர்களே, பிறகு மருத்துவமனை அமைதி அறையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தீர்களே, பெண்கள் கூடி உரலில் இடிக்கிற அந்தப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணீர் வழிந்தது. "ஆர் பிள்ளை உங்களை அனுப்பினது?" என்றார். "எங்க தலைவி கிருஷ்ணகுமாரி அக்காதான்" என்றேன். "சரி, விளங்கீட்டுது" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து புனிதாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் கோப்பி குடிக்க வாருங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
நிர்மலா


மலாக்கா
13 பிப்ரவரி 2025

அன்புள்ள நிர்மலா,

உங்கள் கடிதம் மேசையில் இருந்தது. அதைப் படிப்பதற்கு முன்பே செய்தி தெரிந்துவிட்டது. சொல்வது எனக்கும் கஷ்டம், உங்களுக்குக் கேட்பதும் கஷ்டம்.

நீங்கள் பாடிவிட்டு வந்த அன்றிலிருந்து திரு. கனகலிங்கம் சாப்பிட மறுத்துவிட்டார். மருந்தையும் தொடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளை வரவழைத்து, யாருக்கு என்ன என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். பெட்டியிலிருந்து பட்டு வேட்டியை எடுத்து வைக்கச் சொன்னாராம். தேறிவருகிறீர்கள் என்று மருத்துவர் சொன்னால், "எனக்குத் தெரியும் டாக்டர், ஒளிக்க வேண்டாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பாட்டு எங்கள் சைவக் குடும்பங்களில் இறந்த வீட்டில் மட்டும் பாடுவது. உடலைக் கிடத்தி, உரலில் மஞ்சளும் மற்றவையும் இட்டுச் சுண்ணம் இடிக்கும்போது பாடுவோம். வேறு எந்த நாளிலும் வீட்டுக்குள் அதை முணுமுணுக்கக்கூட விடமாட்டார்கள். சொற்கள் கல்யாண வீட்டுப் பாட்டுப்போல இருப்பதால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நீங்கள் என் பெயரையும் சொன்னதால், சாவு நெருங்கிவிட்டது என்று பிள்ளைகள் மறைப்பதை நான் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, விஷயம் அப்படியில்லை என்று விளக்கி, ஒருவழியாகக் கஞ்சி குடிக்கவைத்திருக்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மகன் நிவேந்திரன் நிர்வாகத்திடம் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணை முடியும்வரை நீங்கள் வார்டுக்கு வராமல் ஓய்வாக இருப்பது நல்லது. எப்படியோ நடந்துவிட்டது. மனதைத் தளரவிடாதீர்கள்.

அன்புடன்
கிருஷ்ணகுமாரி


தங்கா பத்து
16 பிப்ரவரி 2025

அன்புள்ள குமாரி அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து அடுப்பு பற்றவைக்கவில்லை. புனிதா வெளியில் வாங்கி வந்து வைக்கிறாள், இறங்கவில்லை. ஒரு மனுசன் சாப்பிடாமல் கிடக்க நான் காரணமாகிவிட்டேனே. நான் வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வேட்டியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். நினைக்கும்போதே உடம்பெல்லாம் கூசுகிறது.

என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது அக்கா. என் வீட்டுக்காரர் மூச்சு நின்ற பிறகுதானே நீங்கள் அதைப் பாடினீர்கள்? சொந்தக்காரர்கள் வந்துசேராமல் நானும் மகளும் விழித்துக்கொண்டு நின்றபோது பாடினீர்களே. அப்போதே இது எந்த நேரத்துப் பாட்டு என்று எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, அது ஒன்றுதான் மனதில் நின்றது. எனக்குக் கிடைத்த ஆறுதல் இன்னொருவருக்கும் கிடைக்கட்டும் என்றுதான் பாடினேன். வேறு ஒன்றும் இல்லை.

சொல்லிக் கொடுத்தபோது இது இன்ன இடத்துக்கு மட்டும் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் சொல்லாமல் விடுகிற ஆளில்லை. எனக்குத்தான் மெட்டைப் பிடிப்பதிலேயே புத்தி போயிருக்கும், மண்டையில் ஏறவில்லை. அமைதி அறையில் நடந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், அந்த வார்த்தை மட்டும் கிடைக்கவில்லை. வயசாகிவிட்டது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோயிலில் பாடக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன். இனி வாயைத் திறக்கவே பயம். எதைப் பாடினால் யாருக்கு என்ன ஆகுமோ.

என்னால் உங்களுக்குத்தான் பெரிய தலைகுனிவு. நிரந்தரமாக்குகிற நேரத்தில் இப்படிச் செய்துவிட்டேன். கூட்டத்தில் உங்களை ஏதாவது கேட்டார்களா? எல்லாப் பழியையும் என்மேலேயே போட்டுவிடுங்கள் அக்கா. அந்த ஐயாவின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்க ஒரு வழி மட்டும் செய்து கொடுங்கள்.

உங்கள் தங்கை
நிர்மலா


மலாக்கா
27 பிப்ரவரி 2025

அன்புள்ள நிர்மலா,

பதில் தாமதமாகிவிட்டது. கூட்டம், அறிக்கை என்று ஒழியவில்லை.

விசாரணை முடிந்தது. திரு. கனகலிங்கம் நலமாக வீடு திரும்பிவிட்டார். நம் பிரிவையும் நிரந்தரமாக்கிவிட்டார்கள். நீங்கள் நேர்ந்துகொண்ட தேங்காயை உடைத்துவிடலாம்.

உங்கள் தொண்டர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திலிருந்து கேட்பார்கள். அது வழக்கமான நடைமுறை. புனிதாவிடம் கொடுத்தனுப்பினால் போதும், நீங்கள் வந்து அலைய வேண்டாம். அவர் குடும்பத்தை இப்போது சந்திப்பதும் சரியாக இருக்காது.

பாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைச் சொன்னேனா இல்லையா என்று எனக்கும் சரியாக நினைவில்லை. இனி அதைக் கிளறிப் பயனில்லை. உங்கள் சேவை மனத்தை யாரும் குறைசொல்லவில்லை.

வெயில் கடுமையாக இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

கிருஷ்ணகுமாரி


தங்கா பத்து
22 மார்ச் 2025

திருமதி கிருஷ்ணகுமாரி அவர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. புனிதா காரில் ஏற்றிக்கொண்டு போனாள், ஆயர் குரோவில் கனகலிங்கம் ஐயா வீட்டுக்குப் போனோம். ஒரு சீப்புப் பிசாங் எமாஸ் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

மகன் நிவேந்திரன்தான் கதவைத் திறந்தார். நான் இன்னார் என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் நல்ல பையன்தான், உட்காரச் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அழாதீங்க ஆன்ட்டி. உங்க ஹெட் பிப்ரவரி பதினாலாந்தேதி மீட்டிங்லயே எல்லாம் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிட்டாங்க. அந்த அம்மா எஸ்டேட்லேருந்து வந்தவங்க, அவங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது, எங்கயோ கேட்டுத் தானாவே பாடிட்டாங்க, நாங்க சொல்லிக் குடுத்தது இல்லைன்னாங்க. தெரியாம செஞ்சதுக்கு நாங்க என்ன சொல்றது லா."

எங்கேயோ கேட்டு. தானாகவே.

புனிதா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அமைதி அறையிலிருந்து வந்ததும் அவளிடம்தான் நான் பாடிக் காட்டுவேன். அவள் வாயைத் திறக்கப் போனாள், நான் அவள் கையை அழுத்திவிட்டேன். "ஆமா தம்பி, எங்கயோ கேட்டதுதான்" என்று என் வாயாலேயே சொன்னேன். உங்களைக் காப்பாற்ற நான் ஏன் பொய் சொன்னேன் என்று இந்த நிமிடம்வரை தெரியவில்லை. பழியை என்மேல் போடுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்தவள்தான். ஆனால் நான் எழுதுவதற்கு முன்பே நீங்கள் போட்டு முடித்திருக்கிறீர்கள். மறந்திருப்பேன், வயசாகிவிட்டது என்று நான் என் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "எனக்கும் நினைவில்லை" என்று ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வந்தது.

ஐயா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் காலில் விழப்போனேன், விடவில்லை. "ஆர் பிள்ளை இதை உமக்குப் பழக்கினது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நீர் சொல்லாட்டிலும் எனக்குத் தெரியும். இந்த மெட்டிலை பாடுறது மலாக்காவிலை ரெண்டு வீட்டுக்காரர்தான். ஒண்டு என்ரை அம்மா வீடு. மற்றது குமாரியின்ரை தகப்பன் வீடு. வெக்கப்பட வேண்டிய ஆள் நீர் இல்லை" என்றார். மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "இவனுக்கு இந்தப் பாட்டுத் தெரியாது. இவன்ரை பிள்ளையளுக்குத் தமிழே தெரியாது. என்ரை காலம் முடியேக்கை நீர் வந்து பாடுவீரோ? இந்த முறை அவசரப்பட வேண்டாம், கூப்பிட்ட பிறகு வந்தால் போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் வருகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

எஸ்டேட்லேருந்து வந்தவள் என்பது பொய்யில்லை. ரப்பர் மரத்தடியில் பிறந்தவள்தான். அதை நான் எங்கேயும் மறைத்ததும் இல்லை. நீங்கள் அதை எந்த இடத்தில் எதற்காக எடுத்துப் போட்டீர்கள் என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை. உங்களை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டுத் திரிந்தேனே, அது இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் வீராசாமி, லாரி ஓட்டியவர், அவரும் எஸ்டேட்லேருந்து வந்தவர்தான். அவருக்கு ஏன் அதைப் பாடினீர்கள்?

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வீ. நிர்மலாதேவி


மலாக்கா
9 ஏப்ரல் 2025

நிர்மலா,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். பொய் சொன்னது கூட்டத்தில், உண்மையை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டி உங்களுக்கு அனுப்பினால் அது எனக்கு மலிவான காரியம் என்று தோன்றியது. அதனால் முதலில் அங்கே போய்ச் சொன்னேன். நேற்றுத்தான் முடிந்தது.

அதே அறை, அதே ஆட்கள். நிவேந்திரனையும் வரவழைக்கச் சொல்லியிருந்தேன். "அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தது நான். அது எங்கே பாடுவது என்பதைச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்தேன். அன்று இந்த மேசையில் நான் சொன்னது பொய்" என்றேன். யாரும் திட்டவில்லை. இயக்குநர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் நன்றி என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிரிவு இருக்கிறது, தலைமை இனி என்னிடம் இல்லை. நோயாளிகளைப் பார்ப்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். உங்களை அழைத்து மன்னிப்புக் கேட்டு அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த உறையில் அது இருக்கிறது.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. எனக்கு நினைவில்லை என்று எழுதினேனே, எல்லாம் நினைவிருக்கிறது. முதல் நாளே இது சாவுப் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள், "இதக் கேட்டப்பதான்க்கா எனக்கு மூச்சு வந்துச்சு" என்றீர்கள். உங்கள் ஆறுதலைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான். இது உண்மைதான், ஆனால் பாதி.

மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதை நீங்கள் எங்கே போய்ப் பாடப்போகிறீர்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களின் கட்டிலருகே உங்களை உட்காரவைத்து நான் கற்பனைகூடச் செய்ததில்லை. உங்கள் ஆட்களை எங்களிடம் விடமாட்டீர்கள் என்று நீங்கள் கேலியாக எழுதியிருந்தீர்கள். நான் சிரித்துக்கொண்டே கடந்துபோக வேண்டிய வரி அது. என்னால் சிரிக்க முடியவில்லை. யார் யாரைப் பார்க்கப் போவது என்று வாராவாரம் பெயர் பிரித்தவள் நான். மொழி புரியாத நோயாளியிடம்கூட உங்களை அனுப்பினேன், எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்பவில்லை. எந்த மதம், எந்த இனம் என்று பாராமல் உட்காருங்கள் என்று உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு நான் செய்தது இது. கூட்டத்தில் நெருக்கியபோது அந்த 'எஸ்டேட்' என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வீராசாமி அண்ணனுக்கு ஏன் பாடினேன் என்று கேட்டிருந்தீர்கள். அன்று நான் எதையும் யோசிக்கவில்லை. நீங்களும் மகளும் தனியாக நின்றீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் போனால் என் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது. எஸ்டேட், யாழ்ப்பாணம் ஒன்றும் அப்போது என் தலையில் இல்லை. இந்தக் கதை முழுவதிலும் நான் வெட்கப்படாத இடம் அது ஒன்றுதான்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. அனுமதித்தால் நேரில் வந்து கேட்கிறேன்.

குமாரி


மலாக்கா
2 ஜூலை 2025

நிர்மலா,

பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாரக் கடிதம் எழுதும் பழக்கத்தை உங்கள் எல்லாருக்கும் ஏற்படுத்தினேன். இப்போது எனக்கு வரும் கடிதம் ஏதுமில்லை, நானாவது எழுதலாம் என்று பார்த்தேன்.

உம்பாய் அம்மா மறுபடியும் வந்து படுத்திருக்கிறார். "அந்தப் பாட்டுக்காரம்மா எங்க? எம்மவன மறுபடி ஏசணும், அவங்களாலதான் முடியும்" என்கிறார். நான் ஏசிப் பார்த்தேன். மகன் வரவில்லை. எனக்கு அந்த வேலை சரிப்படவில்லை.

பூனை எப்படி இருக்கிறது?

குமாரி


தங்கா பத்து
21 செப்டம்பர் 2025

அக்கா,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தது. படிக்காமல் இல்லை. பதில் எழுதப் பேப்பரை எடுத்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது, அதனால் எழுதவில்லை. பூனை நன்றாக இருக்கிறது. நம் எல்லாரையும்விட நன்றாக இருக்கிறது.

புதன்கிழமை நிவேந்திரன் போன் செய்தார். கனகலிங்கம் ஐயா மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். "ஆன்ட்டி, அப்பா உங்கள்ட்ட கேட்டது ஞாபகம் இருக்கா?" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. மறுநாள் காலையில் போனேன்.

உங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். உரலை நடுவீட்டில் வைத்தார்கள். உலக்கையைப் பிடித்த பெண்களில் பாதிப் பேருக்குப் பாட்டின் முதலடி தெரியும், பிறகு உதடு மட்டும் அசைந்தது. நிவேந்திரன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா ஆசைப்பட்டவங்க இவங்கதான்" என்று சொல்லி என்னை முன்னால் நிறுத்தினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் நான் பாடியிருப்பேன். அந்தப் பட்டு வேட்டியைத்தான் கட்டியிருந்தார்கள்.

பிப்ரவரிக்குப் பிறகு நான் வாய் திறந்து பாடியது அன்றுதான். நீங்கள் இழுத்துக் காட்டிய இடத்தில் இழுத்தேன், வேகம் பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடித்தேன். பாதியில் நான் பாடிக்கொண்டிருந்தது ஐயாவுக்கா, என் வீட்டுக்காரருக்கா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் போனால் பாடுவதை அவருக்குப் பாடினீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதை நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரிக்காகத்தான் உங்கள் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தேன்.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே, கூடாரக் கம்பியைப் பிடித்தபடி நின்றீர்கள். செருப்பைக் கழற்றவில்லை. உங்கள் ஆட்களின் வீடு, நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். அங்கே யாருக்கும் முழுதாகத் தெரியாத உங்கள் பாட்டை நான் உள்ளே நின்று பாடுகிறேன். ஒருகணம் 'இவருக்கு நல்லா வேணும்' என்று எனக்குத் தோன்றியது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுகணமே அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். பாட்டு முடிவதற்குள் உங்கள் உதடும் கூடவே அசைந்ததைப் பார்த்தேன். முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டீர்கள்.

நான் ஏன் உள்ளே கூப்பிடவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள்தானே அக்கா எங்களுக்கு அதைப் பயிற்சியில் சொன்னது? துக்க வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடக் கூடாது. அதனால்தான் கூப்பிடவில்லை.

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும் திங்கட்கிழமை வார்டுக்குப் போகப்போகிறேன். உம்பாய் அம்மாவின் மகனை ஏச வேண்டும். உங்கள்மேல் கோபம் இன்னும் போகவில்லை, அது அவ்வளவு சீக்கிரம் போகிற கோபமும் இல்லை. நேரில் பார்த்தால் முதலில் நன்றாகச் சண்டை பிடிப்பேன். புனிதாவும் தன் பங்குக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார முடிந்தால், பிறகு கோப்பி போடுகிறேன்.

தங்கா பத்து வீடு துக்க வீடு இல்லை. அதனால் இங்கே சொல்லலாம்.

வாங்க.

நிர்மலா